ஆரமின் ஓ: சளிப் பரிசோதனைக் கூடத்தின் ஒளிரும் மஞ்சள் சாயத்தைக் கையாளுவதும் பாதுகாத்து வைப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசநோய்க்காகச் சளி மாதிரியைப் பார்க்கும் ஆய்வுக்கூடங்களில் ஆரமின் ஓ என்னும் ஒளிரும் சாயம் அன்றாடப் பொருள். அதனாலேயே அதன்மீது இருக்க வேண்டிய கவனம் தளர்ந்துவிடுகிறது. வேலூர், குடியாத்தம், ஆர்க்காடு வட்டாரங்களில் ஓர் அறை, ஒரு தொட்டி, ஒரு மின்விசிறி என்ற அளவில் இயங்கும் சிறு கூடங்களின் பணியாளர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், பல ஆண்டுகள் இந்தச் சாயத்தோடு பழகியவன் என்ற முறையில் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் பாட்டிலோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆரமின் ஓ என்பது எத்தகைய சாயம்?

மஞ்சள் நிறத் தூளாகக் கிடைக்கும் செயற்கைச் சாயம் இது. சாயத் தொழிலில் இதற்குப் பேசிக் யெல்லோ 2 என்று பெயர். நிற அட்டவணை எண் 41000. காசநோய்க் கிருமியின் மேலுறையில் உள்ள மைக்காலிக் அமிலத்தோடு இது ஒட்டிக்கொள்கிறது. அமிலம் கலந்த ஸ்பிரிட்டால் (எத்தனாலால்) கழுவினாலும் கிருமியை விட்டு எளிதில் நீங்குவதில்லை. நீல ஒளி பட்டதும் கிருமிகள் இருண்ட பின்னணியில் பசுமஞ்சள் கீற்றுகளாக ஒளிர்வதால், எண்ணெய் இட்டு நூறு மடங்கு வில்லையில் தேட வேண்டியதைக் குறைந்த உருப்பெருக்கத்திலேயே விரைவாகப் பார்த்துவிடலாம். எல்இடி ஒளிர்வு நுண்ணோக்கியை உலக சுகாதார நிறுவனம் 2011இல் பரிந்துரைத்த பிறகு இந்த முறை சிறிய கூடங்களுக்கும் எட்டியது.

நாம் ஸ்லைடில் ஊற்றும் கரைசலில் சாயம் 0.1 விழுக்காடுதான். அதோடு ஏறத்தாழ 3 விழுக்காடு பீனாலும் 10 விழுக்காடு எத்தனாலும் இருக்கின்றன. ஆகவே ‘சாய பாட்டில்’ என்று நாம் சொல்வது உண்மையில் மூன்று வேறு ஆபத்துகள் சேர்ந்திருக்கும் ஒரு பாட்டில். பின்வரும் பதில்களில் பெரும்பாலானவை இதை வைத்தே எழுதப்பட்டவை.

இந்தச் சாயத்தால் புற்றுநோய் வருமா?

இந்தக் கேள்விக்கு அச்சமூட்டும் பதிலும் அலட்சியமான பதிலும் ஒரே அளவில் புழக்கத்தில் உள்ளன. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை, ஆரமின் உற்பத்தித் தொழிலை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் பிரிவிலும், ஆரமின் என்ற பொருளைப் புற்றுநோய் தரக்கூடும் என்று கருதப்படும் 2பி பிரிவிலும் வைத்திருக்கிறது. பிரிட்டனில் சாயத் தொழிலாளர்களிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் குறித்து 1954இல் வெளிவந்த ஆய்வு, ஆரமின் உற்பத்தியில் ஈடுபட்டவர்களுக்கு அந்த நோய் கூடுதலாக வந்ததைக் காட்டியது. அவர்கள் தொழிற்சாலையில் ஆண்டுக்கணக்கில் சாயத் தூளோடும் அதன் மூலப்பொருள்களோடும் வேலை செய்தவர்கள். நாளொன்றுக்கு இருபது ஸ்லைடுக்கு நீர்த்த கரைசல் ஊற்றுபவரின் நிலை அதுவன்று.

ஆனால் இதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாத ஒருவர் நம் கூடத்திலும் இருக்கிறார். அவர்தான் தூளை எடை போடுபவர். தூள் மூச்சில் போகலாம், தோலில் ஒட்டலாம், கண்ணை உறுத்தலாம், விரல் வழியே வாய்க்குப் போகலாம். சாயத்தைப் பொறுத்தவரை கூடத்தின் மொத்த ஆபத்தில் பெரும்பங்கு, மாதத்துக்கு ஒரு முறை தராசின் முன் கழியும் அந்தப் பத்து நிமிடங்களில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

இதைச் சொன்னால், பழைய சிவப்புச் சாயத்துக்கே திரும்பிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கிருமியைச் சிவப்பாகக் காட்டும் பழைய சீல்-நீல்சன் முறையின் சாயமான ஃபுக்சினும் மெஜன்டா என்னும் சாயக் குடும்பத்தைச் சேர்ந்ததே. மெஜன்டா உற்பத்தியும் அதே முதல் பிரிவில்தான் இருக்கிறது.

அப்படியானால் கரைசலில் அஞ்ச வேண்டியது எதற்கு?

பீனாலுக்கு. சாயம் கையை மஞ்சளாக்கித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பீனால் அப்படிக் காட்டிக்கொடுக்காது. அடர்ந்த பீனால் தோலில் பட்ட இடம் வெளுத்து மரத்துப்போகும். உணர்வை மரக்கச் செய்யும் தன்மை அதற்கு உண்டு என்பதால் வலி தாமதமாகவே தெரியும். அதற்குள் அது தோல் வழியே உடலுக்குள் ஊடுருவத் தொடங்கியிருக்கும். பரந்த பரப்பில் பட்டால் இதயம், சிறுநீரகம், நரம்பு மண்டலம் ஆகியவற்றைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். கரைசலில் உள்ள 3 விழுக்காடு அந்த அளவுக்குக் கொடியதன்று என்றாலும், அதைத் தயாரிக்க நாம் எடுப்பது முழு வலிமையுள்ள படிகத்தை.

வேலூர்க்காரர்கள் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தூய பீனால் உருகும் வெப்பநிலை ஏறத்தாழ 40.5 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சியிருந்தால் அதற்கும் கீழேயே உருகும். கத்திரி வெயிலில் நம் ஊர் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். மார்கழியில் கல்லாகக் கிடந்த அதே பாட்டில் சித்திரை, வைகாசியில் உள்ளே நீர்மமாக அலைந்துகொண்டிருக்கலாம். கெட்டியாக இருக்கும் என்ற நினைப்பில் சாய்த்துத் திறப்பவரின் மணிக்கட்டில்தான் அது வழியும். கோடைக்காலத்தில் பீனால் பாட்டிலைத் திறக்கும் முன், மூடியை இறுக்கி வைத்தபடியே மெல்லச் சாய்த்து, உள்ளே அசைகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. தரை துடைக்கும் ‘பினாயில்’ எல்லா வீட்டிலும் உண்டு. நம் அலமாரியில் இருப்பது ‘பீனால்’. நான் பணி செய்த ஒரு கூடத்தில், சளிக் கோப்பைகளுக்காகக் கரைத்து வைத்திருந்த பீனால் கரைசலைத் துப்புரவுப் பணி செய்யும் அம்மா பினாயில் என்று எண்ணி வாளியில் ஊற்றித் தரையைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். ‘பினாயில்னுதானே சார் எழுதியிருக்கு’ என்று அவர் கேட்டபோது என்னால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. பாட்டிலில் நான் கிறுக்கியிருந்த எழுத்தை யார் படித்தாலும் அப்படித்தான் படித்திருப்பார்கள். நல்லவேளையாக அவர் துடைப்பானால் துடைத்தார், கையால் தொடவில்லை. அன்றிலிருந்து ‘தரை துடைக்க அன்று – தோலை எரிக்கும் அமிலம்’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுகிறேன்.

தூளாக வாங்குவதா, தயார் கரைசலாக வாங்குவதா?

வாய்ப்பிருந்தால் தயார் கரைசலே மேல். எடை போடும் வேலையே இல்லாமல் போவதால் சாயத்தின் பெரும் ஆபத்தும் அதோடு போய்விடுகிறது. ஆனால் வெயிலில் லாரியிலும் பேருந்து மேற்கூரையிலும் வந்து, பார்சல் அலுவலகத்தில் இரண்டு நாள் கிடந்த கரைசல் வேண்டாம். அனுப்பும் நாளைக் கேட்டு, வந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

தூள்தான் வாங்க வேண்டும் என்றால் சிறிய பாட்டிலாக வாங்குங்கள். ஒரு லிட்டர் கரைசலுக்கு 1 கிராம் தூள் போதும். ஒரு ஸ்லைடுக்கு 5 மில்லிலிட்டர் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் ஒரு லிட்டரில் 200 ஸ்லைடுகள் ஆகும். 25 கிராம் பாட்டில் 5000 ஸ்லைடுகளுக்கு வரும்; நாளொன்றுக்கு 20 ஸ்லைடு பார்க்கும் கூடத்துக்கு அது 250 வேலை நாள்கள், அதாவது ஏறக்குறைய ஓராண்டு. விலை மலிவு என்று 100 கிராம் வாங்கினால் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு நச்சுப்பொருளுக்குக் காவல் இருக்கிறீர்கள் என்று பொருள்.

தூளை எடை போடும்போது என்ன செய்ய வேண்டும்?

மின்விசிறியை நிறுத்த வேண்டும். மே மாதத்தில் இதைச் சொல்பவரைக் கூடத்தில் யாருக்கும் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் மின்விசிறி சுழலும் அறையில் திறந்த மஞ்சள் தூள், கண்ணுக்குத் தெரியாமல் மேசை முழுவதும் பரவும். ஆகவே எடை போடும் வேலையைக் காலை எட்டு மணிக்கு முன்பே, நோயாளிகளும் மற்றவர்களும் வருவதற்குள், சன்னல் கதவுகளைச் சாத்திவிட்டு முடித்துக்கொள்வது நல்லது.

தராசின் கீழும் சுற்றிலும் ஈரமாக்கிய தாளை விரியுங்கள். காலிக் குடுவையை முதலில் எடை பார்த்துக்கொண்டு, தூளை நேராகக் குடுவைக்குள்ளேயே இட்டு எடை பார்த்தால், தாளில் இட்டுப் பின் குடுவைக்கு மாற்றும்போது தூள் பறப்பது தவிரும். 1 கிராம் வேண்டும் என்றால் 1.02 வந்தாலும் பரவாயில்லை. கூடுதலாக வந்ததைத் திரும்பப் பாட்டிலில் போட முயல்வதில்தான் சிந்துகிறது. எடை எடுத்த உடனே 100 மில்லிலிட்டர் ஸ்பிரிட்டைக் குடுவையின் ஓரமாக ஊற்றிவிட்டால் தூள் அடங்கிவிடும். அதன் பிறகு மின்விசிறியைப் போட்டுக்கொள்ளலாம். 30 கிராம் பீனாலைத் தனியே ஒரு பீக்கரில் எடுத்து 900 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவான நீரில் கரைத்து, பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு லிட்டராக்கலாம். பாட்டிலில் குறித்துள்ள சாய அளவு (தூளில் உண்மையான சாயத்தின் பங்கு) 80 விழுக்காடு என்றிருந்தால் எடையை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

முகத்துக்கு என்-95 முகக்கவசம் அணியுங்கள். அது தூளைத் தடுக்கும், பீனால் ஆவியைத் தடுக்காது. கருவுற்றிருக்கும் பணியாளருக்கும் பாலூட்டும் பணியாளருக்கும் எடை போடும் வேலையைக் கொடுக்கக் கூடாது. இதை அவர்கள் கேட்டுப் பெறும்படி விடாமல் பொறுப்பாளரே முன்வந்து மாற்றிக்கொடுக்க வேண்டும்.

உயிரியல் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துச் செய்தால் போதாதா?

போதாது. கிருமி வேலைக்காகச் செய்த அந்தப் பெட்டியின் வடிகட்டி கிருமியையும் தூளையும் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. நம் கூடங்களில் காணப்படும் வகைகளில் பல, காற்றின் ஒரு பகுதியையாவது மீண்டும் அறைக்குள்ளேயே விடுபவை. பீனால் ஆவியும் ஸ்பிரிட் ஆவியும் உங்களிடமே திரும்பி வரும். அதோடு, உள்ளே வீசும் காற்று மெல்லிய தூளைக் கலைத்து எடையையும் ஆட்டும். வடிகட்டியில் சாயம் படிந்தால் அதை மாற்ற வருபவருக்கும் தொல்லை. இந்த வேலைக்கு உரியது, காற்றை வெளியே தள்ளும் வேதி ஆவி வெளியேற்றும் பெட்டி. அது இல்லாத கூடத்தில், தூளை அசையாத காற்றில் எடுங்கள். பீனாலை நன்கு காற்றோட்டமுள்ள இடத்தில், வெளியேற்று விசிறியின் அருகில் கரையுங்கள். இரண்டு வேலையையும் ஒரே இடத்தில் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சாயம் கரையத் தாமதமானால் சூடாக்கலாமா?

கூடாது. சிவப்புச் சாயத்தை ஸ்லைடின் கீழ் தீ காட்டி ஆவி எழச் சூடாக்கிப் பழகிய கைகள் மஞ்சள் சாயத்தையும் அப்படியே செய்யப் பார்க்கின்றன. ஆரமின் நீர்க் கரைசலைச் சுமார் 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அது சிதைந்து மிக்லர் கீட்டோன், அம்மோனியா என்று பிரியத் தொடங்கும். மிக்லர் கீட்டோனும் புற்றுநோய் ஐயப் பட்டியலில் உள்ள பொருள். சாயமும் வீணாகும், பீனால் ஆவியும் எழும், கரைசலில் உள்ள ஸ்பிரிட்டும் தீப்பிடிக்கலாம். ஸ்பிரிட்டில் தூளை இட்டு மூடிச் சுழற்றிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். சிறிது நேரத்தில் தானாகக் கரையும். ஸ்லைடின் மேலும் சூடாக்க வேண்டியதில்லை. இருபது நிமிடம் விட்டால் போதும்.

பாட்டிலில் ‘அறை வெப்பநிலையில் வைக்கவும்’ என்று இருக்கிறது. வேலூரில் அதற்கு என்ன பொருள்?

அந்த வாசகத்தை எழுதியவர்கள் மனத்தில் வைத்திருந்த அறை 20 அல்லது 25 டிகிரியில் இருக்கும். நம் அறை கோடையில் 35ஐத் தாண்டும். ஊரைச் சுற்றி நிற்கும் பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவில் திருப்பித் தருவதால், விளக்கு வைத்த பிறகும் சுவர்கள் அனலாகத்தான் இருக்கும். ஆகவே அறை வெப்பநிலை என்று எழுதியிருப்பதை, நம் கட்டடத்தில் மிகக் குளிர்ந்த மூலை என்று படித்துக்கொள்ளுங்கள்.

அந்த மூலையைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண வெப்பமானி போதும். மே மாதத்தில் ஒரு வாரம், பிற்பகல் மூன்று மணிக்கு, அலமாரியின் மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் மாறி மாறி வைத்து எழுதிப் பாருங்கள். நான் அப்படிப் பார்த்த ஓர் அறையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை ஒட்டிய பரணுக்கும் தரையை ஒட்டிய தட்டுக்கும் இடையே கை வைத்தாலே தெரியும் அளவுக்கு வேறுபாடு இருந்தது. சாயம் பரணில் இருந்தது! மேற்குச் சுவர், சன்னலோரம், குளிர்பதனப் பெட்டியின் பின்புறம், கிருமிநீக்கக் கலன் இருக்கும் மேசை ஆகிய நான்கும் ஆகாத இடங்கள். கண் மட்டத்துக்குக் கீழே, கதவுள்ள அலமாரியில், கசிந்தால் தாங்கிக்கொள்ளும் பிளாஸ்டிக் தட்டின் மேல் வைப்பதே சரி.

வெப்பத்தைப் போலவே ஒளியும் பகை. தூளையும் கரைசலையும் பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டிலில் வைக்க வேண்டும்; இல்லையேல் கருப்புத் தாளாவது சுற்ற வேண்டும். தயாரித்த கரைசலை மூன்று மாதத்துக்கு மேல் நான் வைத்திருப்பதில்லை. கோடையில் ஒரு மாதத்துக்கு ஆகும் அளவே தயாரிக்கிறேன். நாள்பட்ட கரைசல் சற்றுக் கலங்கினால் உடனே கொட்ட வேண்டியதில்லை. வடிகட்டி, கிருமி உள்ளதென்று தெரிந்த ஒரு ஸ்லைடையும் இல்லாததென்று தெரிந்த ஒன்றையும் சாயமிட்டுப் பாருங்கள். முன்னது மங்கினாலோ பின்னது ஒளிர்ந்தாலோ அந்தக் கரைசல் வேண்டாம்.

குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் என்ன?

வீட்டு வகைக் குளிர்பதனப் பெட்டிக்குள் ஸ்பிரிட் சேர்ந்த எதையும் வைக்கக் கூடாது. உள்ளே சேரும் ஆவி தீப்பற்ற அதன் விளக்கும் வெப்பக்கட்டுப்பாட்டுக் கருவியும் எழுப்பும் சிறு பொறி போதும். குளிரில் கரைசலில் படிவு விழவும் வாய்ப்புண்டு. அந்தப் பெட்டியில் யாரோ மோர் பாட்டிலும் வைப்பார்கள்.

எந்தப் பாட்டிலில் வைப்பது, எப்படி எழுதி ஒட்டுவது?

குடிநீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் ஒருபோதும் வைக்கக் கூடாது. நீர்த்த ஆரமின் கரைசல் பார்வைக்கு மாம்பழக் குளிர்பானம் போலவும், அமில ஸ்பிரிட் வெறும் தண்ணீர் போலவும் இருக்கும். வெயிலில் வந்தவர் எதிரில் இருக்கும் பாட்டிலை எடுத்து வாயில் ஊற்றிக்கொள்ளும் ஊர் இது.

பாட்டிலின் மேல் மார்க்கரால் எழுதினால் ஒரு துளி ஸ்பிரிட் வழிந்ததும் எழுத்து போய்விடும். பென்சிலால் தாளில் எழுதி, ஒட்டி, அதன் மேல் அகலமான செல்லோ டேப்பைச் சுற்றுங்கள். பொருளின் பெயர், அடர்த்தி, தயாரித்த நாள், காலாவதி நாள், தயாரித்தவரின் பெயர் முதலெழுத்து, ‘நச்சு – தோலை எரிக்கும் – தீப்பிடிக்கும்’ என்ற எச்சரிக்கை ஆகியவை தமிழில் இருக்க வேண்டும். கூடத்தில் ஆங்கிலம் படிக்காதவர்தான் பெரும்பாலும் பாட்டிலைக் கழுவுகிறார்.

எவற்றின் பக்கத்தில் வைக்கக் கூடாது?

சாயமிடும் வரிசையில் பயன்படும் பொருள்களே ஒன்றுக்கொன்று ஆகாதவை. வசதிக்காக அவற்றை ஒரே தட்டில் அடுக்குவதுதான் நம் வழக்கம். ஸ்லைடின் பின்னணியை இருட்டாக்கப் பயன்படும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் வலிமையான ஆக்சிஜனேற்றி. அதன் படிகம் ஸ்பிரிட்டோடோ பீனாலோடோ சேர்ந்தால் தீப்பிடிக்கலாம். அமில ஸ்பிரிட் தயாரிக்க வைத்திருக்கும் அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பெர்மாங்கனேட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பிளீச்சிங் கரைசலோடு சேர்ந்தாலும் அதே வாயு வரும். ஆகவே ஸ்பிரிட், பீனால், சாயம் ஒரு தட்டிலும், பெர்மாங்கனேட் வேறோர் அலமாரியிலும், அமிலம் தரையோரத்தில் தனித் தொட்டியிலும், பிளீச்சிங் கரைசல் இவை எதன் அருகிலும் இல்லாமலும் இருக்க வேண்டும்.

ஸ்பிரிட் விளக்கைப் பற்றி ஒரு சொல். 95 விழுக்காடு எத்தனாலின் ஆவி, சுமார் 17 டிகிரியிலேயே பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். வேலூரில் ஆண்டின் எந்தப் பகலிலும் அறை அதைவிடச் சூடாகத்தான் இருக்கும் என்பதால், திறந்த ஸ்பிரிட் பாட்டிலும் எரியும் விளக்கும் ஒரே மேசையில் இருக்கலாகாது.

எந்தக் கையுறை அணிவது?

தூளுக்கும் நீர்த்த கரைசலுக்கும் ஒருமுறை அணியும் நைட்ரைல் கையுறை போதும். துளி பட்டால் உடனே கழற்றி மாற்ற வேண்டும். படிகப் பீனாலையோ உருகிய பீனாலையோ எடுக்கும்போது அந்த மெல்லிய உறை சிறிது நேரமே தாங்கும். நியோபிரீன் அல்லது பியூட்டைல் ரப்பராலான தடித்த கையுறை வேண்டும். லேடெக்ஸ் எதற்கும் வேண்டாம். கையுறையோடு கைபேசியை எடுப்பவருக்குக் கையுறை அணிந்ததால் எந்தப் பயனும் இல்லை.

சிந்திவிட்டால் என்ன செய்வது? புற ஊதா விளக்கு அடித்துப் பார்க்கலாமா?

தூள் சிந்தினால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். மின்விசிறியை நிறுத்தி, நனைத்த தாளை மேலே போர்த்தி, வெளியோரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்தெடுத்து, உறையில் கட்டி வேதிக் கழிவில் போடுங்கள். எஞ்சிய கறையை ஸ்பிரிட் நனைத்த தாள் எடுக்கும். கரைசல் சிந்தினால் முதலில் அருகில் எரியும் விளக்கை அணைத்துவிட்டு, மணலோ உறிஞ்சு தாளோ இட்டு எடுங்கள். பிளீச்சிங் கரைசலை அதன் மேல் ஊற்றினால் மஞ்சள் நிறம் மறையலாம். ஆனால் பீனால் குளோரோபீனால்களாக மாறும். அவை இன்னும் கெட்டவை.

ஒளிரும் சாயம்தானே, விளக்கு அடித்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் ஆரமின் அப்படிப்பட்டதன்று. வெறும் நீரில் கரைந்திருக்கும்போது அது மிகக் குறைவாகவே ஒளிரும். எதிலாவது ஒட்டி அதன் மூலக்கூறு சுழல முடியாமல் பிடிபடும்போதுதான் பளிச்சென்று ஒளிரும். கிருமியின் மேல் அது பயன்படுவதற்குக் காரணமும் அதுவே. ஆகவே விளக்கில் ஒளிரவில்லை என்பதால் சாயம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. வெள்ளைப் பஞ்சை நீரில் நனைத்து, துப்புரவாகத் தோன்றும் இடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பாருங்கள். ஒரு மாலை நான் இப்படிப் பார்த்தபோது மேசையில் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. தராசின் பொத்தானில் வெளிர்மஞ்சள் வந்தது. பதிவேட்டோடு கட்டியிருந்த பேனாவில் நல்ல மஞ்சள் வந்தது. அந்தப் பேனாவின் முனையை யோசிக்கும்போது பல்லிடுக்கில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது.

உடலில் பட்டால் முதலுதவி என்ன?

சாயம் மட்டும் கையில் பட்டால் சோப்பும் நீரும் போதும். கறை உடனே போகாது. அதற்காக ஸ்பிரிட்டால் தேய்த்தால் சாயம் தோலுக்குள் இன்னும் எளிதாகப் போகும்.

அடர்ந்த பீனால் பட்டால், பட்ட துணியை உடனே களைந்து, நிறைய நீர் விட்டுத் தொடர்ந்து கழுவ வேண்டும். கொஞ்சம் நீரால் துடைப்பது பீனாலைப் பரப்பவே செய்யும். பீனாலைக் கரைத்தெடுக்கும் நீர்மமான பாலிஎத்திலீன் கிளைக்கால் 300 அல்லது 400 கூடத்தில் இருந்தால் அதில் நனைத்த துணியால் மீண்டும் மீண்டும் ஒற்றி எடுக்கலாம். கண்ணில் அதை விடக் கூடாது. வலி இல்லை என்று காத்திருக்காமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள். பாட்டிலின் ஒட்டுத்தாளைப் படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்துக் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்தாலும் 22 லிட்டருக்கு மேல் ஆகும். குழாயில் தண்ணீர் வராத நாள்கள் நமக்குப் புதிதல்ல. ஒரு 20 லிட்டர் கேன்கூட இதற்குப் போதாது. சாயமிடும் நாளில் இரண்டு கேன் நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கழிவை என்ன செய்வது?

தெருச் சாக்கடையில் விடக் கூடாது. ஆரமின் நீர்வாழ் உயிர்களுக்கு நச்சு, பீனாலும் அப்படியே. நம் சாக்கடைகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதைப் பாலாற்றுக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோல் பதனிடும் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த மனுவின் மீதுதான் 1996இல் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அந்தக் கழிவோடு ஒப்பிட்டால் நம் கூடத்துக் கழிவு ஒரு கையளவுதான். ஆனால் அதே ஆற்றுக்குத்தான் போகிறது.

2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி வேதி நீர்மக் கழிவு மஞ்சள் வகையைச் சேர்ந்தது. அதைத் தனியே சேர்த்துச் சுத்திகரிப்புக்கு உட்படுத்த வேண்டும். உங்களிடம் கழிவை எடுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தாரிடம் இதற்கான ஏற்பாட்டை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அதுவரை மூன்று கேன்கள் வேண்டும்: சாயமும் பீனாலும் ஒன்றில், அமில ஸ்பிரிட் ஒன்றில், பெர்மாங்கனேட் ஒன்றில். மூன்றையும் ஒரே கேனில் ஊற்றி மூடியை இறுக்கினால் உள்ளே வாயு உண்டாகி, வெயிலில் கேன் உப்பிக்கொண்டு நிற்கும். கிருமி கொல்ல வைத்திருக்கும் பிளீச்சிங் கரைசலை இவை எதிலும் சேர்க்கக் கூடாது.

தோல் தொழிலில் பயன்படும் மஞ்சள் சாயம் இராணிப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறதே, அதை வாங்கலாமா?

பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றன்று. தொழில்தரச் சாயத்தில் நிறத்தை ஒரே அளவாக்குவதற்காக உப்போ டெக்ஸ்ட்ரின் என்னும் மாவுப்பொருளோ கலப்பதுண்டு. உண்மையான சாயம் எவ்வளவு என்பது மூட்டைக்கு மூட்டை மாறும். அதை வைத்துச் சாயமிட்ட ஸ்லைடில் கிருமி தெரியாமல் போனால், இருமிக்கொண்டே வீட்டுக்குப் போகும் நோயாளிதான் அதற்கு விலை கொடுப்பார். உயிரியல் சாயத் தரம் என்று குறித்து, சாய அளவு அச்சிட்ட பாட்டிலையே வாங்குங்கள்.

இதே சாயத்தைத் தின்பண்டத்துக்கு நிறமேற்றக் கேட்டு வருபவர்களும் உண்டு. உணவில் ஆரமின் அனுமதிக்கப்படவில்லை. ஆரமினோடு சேர்த்துச் சில கூடங்களில் பயன்படும் இன்னொரு ஒளிரும் சாயமான ரோடமின் வகையைச் சேர்ந்த ரோடமின் பி கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை வந்தது. கூடத்துச் சாயம் ஒரு கிராம்கூடக் கணக்கில்லாமல் வெளியே போகாதபடி இருப்புப் பதிவேடு எழுதி, அலமாரியைப் பூட்டி வையுங்கள்.

சாயமிட்ட ஸ்லைடுகளை எப்படி வைப்பது?

ஒளிர்வு மங்கும் முன், அதாவது சாயமிட்ட 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அதுவரை மூடியுள்ள பெட்டியில் இருட்டில் இருக்கட்டும். மறு ஆய்வுக்காக வைத்திருக்கும் ஸ்லைடுகள் நாள்பட மங்கியிருந்தால் மீண்டும் சாயமிட்டே பார்க்க வேண்டும்.

பெயர் அழிந்துபோன பழைய மஞ்சள் தூள் பாட்டில் ஒன்று அலமாரியில் இருக்கிறது. என்ன செய்வது?

திறந்து பார்க்காதீர்கள், முகராதீர்கள், ஆரமினாகத்தான் இருக்கும் என்று யூகித்து எழுதி ஒட்டவும் செய்யாதீர்கள். மூடி இறுகியிருந்தால் முறுக்கித் திறக்க முயலவும் வேண்டாம். பாட்டிலை இரண்டு பிளாஸ்டிக் உறைகளுக்குள் கட்டி, ‘பெயர் அறியாத மஞ்சள் தூள்’ என்றும் கண்டெடுத்த நாளையும் எழுதி, பூட்டிய அலமாரியின் கீழ்த் தட்டில் வைத்து, அடுத்த முறை வேதிக் கழிவை எடுக்க வருபவரிடம் கொடுத்து, பதிவேட்டில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.